ஒட்டாஹலின் இரும்புத் தோட்டாக்கள்

ஸ்டிபோர் ஒட்டாஹலைப் பற்றி நல்லதாக ஏதாவது சொல்லி ஆரம்பிக்கலாம் என்று பார்த்தேன். யோசித்து யோசித்து மண்டை காய்ந்ததுதான் மிச்சம். சரி, உள்ளதை உள்ளபடியே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் அவரைப் போல ஒரு கஞ்சன் கிடையாது. அவரைப் போல எல்லாம் தெரிந்தவரும் கிடையாது. இந்த இரண்டும் ஒரே ஆளிடம் வந்து சேர்ந்தது எங்கள் கிளப்பின் தலையெழுத்து.

தொழில், புகைபோக்கி துடைப்பது. செப்டம்பர் பிறந்தால் கறுப்புச் சட்டை, வெள்ளைத் தொப்பி, தோளில் நுனியில் இரும்பு உருண்டையும் பிரஷும் கட்டிய கம்பிச் சுருள் என்று தெருவில் இறங்கிவிடுவார். புகைபோக்கிக்காரரைக் கண்டால் அவரவர் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அதிர்ஷ்டம் வரும் என்பார்கள் எங்கள் பக்கத்தில். நானும் பிடித்துக்கொள்வேன். அந்த மனுஷன் இறைச்சிக்கடைக்காரியான என் கடைக்குள் நுழையாமல் போனால் அதுவே எனக்குப் பெரிய அதிர்ஷ்டம். நுழைந்தால் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற எதையும் கேட்கமாட்டார். "வெட்டும்போது ஓரத்துல விழுந்தது ஏதாச்சும் இருக்கா பிலாஷெனா?" என்பார். இரண்டு வீடும் ஒரு பிளம் தோட்டமும் உள்ள மனுஷன் பேசுகிற பேச்சு இது.

வீட்டுக்கு வீடு அவர் படிக்கிற பாடம் ஒன்று உண்டு. "கரி படிஞ்ச குழாய் மூச்சு விடாதும்மா. வருஷத்துக்கு ரெண்டு தடவை தொடச்சே ஆகணும். சோம்பேறித்தனம் பண்ணினா ஒரு நாள் வீடே பத்திக்கும்." எங்கள் வீட்டு அடுப்படியிலும் நின்று இதைச் சொன்னார். சொல்லிவிட்டு, காப்பிக்குப் பக்கத்தில் வைத்திருந்த சர்க்கரைக் கட்டிகளில் நாலை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

இந்த ஆள் அறுபதாவது வயதில் துப்பாக்கி கிளப்பில் வந்து சேர்ந்தார். ஊருக்கு வெளியே பழைய செங்கல் சூளை இருக்கிறது. மண் தோண்டி எடுத்த பள்ளத்தின் களிமண் சுவர்தான் எங்களுக்குக் குண்டு தாங்கும் கரை. சனிக்கிழமைகளில் அங்கே மேற்பார்வை என்னுடையது. கையில் சிவப்புப் பட்டை கட்டிக்கொண்டு, யார் எங்கே நிற்கிறார்கள், யாருடைய துப்பாக்கி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார்த்துக்கொள்வேன். கிளப்பில் சேர்ந்த அன்றைக்கே ஆளுக்கு ஒரு சின்ன கிளாஸ் அடித்துவிட்டால் அப்புறம் வயது வித்தியாசம் எல்லாம் இல்லை, எல்லோரும் எல்லோருக்கும் நீ, வா, போதான்.

ஒட்டாஹல் வாங்கிய கைத்துப்பாக்கியைக் குறை சொல்லமாட்டேன். எங்கள் தலைவர் குட்யெல்காவே அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். ஆனால் அதற்குள் அவர் போட்டது என்ன என்று பார்க்க வேண்டும். சந்தையில் கிடைப்பதிலேயே மட்டமான இரும்புத் தோட்டா. நல்ல தோட்டாவின் ஓடு பித்தளையில் இருக்கும். இது மட்டமான இரும்பு ஓடு, மேலே சாக்கடை மூடிக்கு அடிக்கிற மாதிரி ஒரு சாம்பல்பச்சைப் பூச்சு. பத்துக்கு ஒன்று வெடிக்காது. வெடித்தால் நாற்றம். எங்கள் பித்தளை ஓடுகளைக் கூட்டி வாளியில் சேர்ப்போம், திரும்ப மருந்து நிரப்பலாம். அவருடையது எதற்கும் ஆகாமல் புல்லில் கிடந்து துருப்பிடிக்கும். மழை பெய்த மறுநாள் அவர் நின்று சுடுகிற இடம் மட்டும் செம்மண்ணாக இருக்கும்.

"நல்ல ஜாதி நாயை வாங்கிட்டு எச்சில் சோறு போடுற மாதிரி இருக்கு நீ பண்றது," என்று ஒரு தடவை சொன்னேன்.

"குண்டு வெளியே போச்சா, அட்டையில ஓட்டை விழுந்துச்சா? அவ்வளவுதான் விஷயம். மிச்சமெல்லாம் பணக்காரன் பகட்டு," என்றார்.

இவர் பேசுகிறார் பணக்காரனைப் பற்றி.

துப்பாக்கியைத் துடைக்கவும் மாட்டார். நாங்கள் எல்லாம் சுட்டு முடித்ததும் மேஜையில் துணியை விரித்து, பிரித்துப் போட்டு, பிரஷ் விட்டு, எண்ணெய் தடவி மாட்டுவோம். அவர் அப்படியே பைக்குள் செருகிக்கொண்டு கிளம்பிவிடுவார். குட்யெல்கா ஒரு நாள் மெல்ல கேட்டுப் பார்த்தார். வந்த பதிலை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"பெட்டியிலேயே போட்டிருக்கான் பாரு, புகையில்லா மருந்துன்னு. புகையே இல்லாதப்ப கரி எங்கேருந்து வரும்? நாப்பது வருஷமா கரியோட குடித்தனம் பண்றவன் நான். எனக்கே கரியைப் பத்திச் சொல்லித்தர்றியா?"

குட்யெல்கா நல்ல மனுஷன், தன் துப்பாக்கியைத் துடைக்கப் போய்விட்டார். நான் தலையைத் திருப்பிக்கொண்டு சிரித்தேன். ஊர்க் கரியை எல்லாம் துடைத்துச் சம்பாதித்தவருக்குத் தன் கையில் இருக்கிற அரை அடிக் குழாயில் கரி படியும் என்று தெரியவில்லை. இவரிடம் போய் நான் எதற்கு மல்லுக்கு நிற்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

இவ்வளவு கஞ்சனுக்கு இவ்வளவு செலவு வைக்கிற ஆசை எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். ஊருக்கே தெரிந்த கதைதான். அவருக்கு ராடனா என்று ஒரே மகள். ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஸ்லோவாக்கிய ஊரான ஸ்கலிட்சாவில், ஒரு ரொட்டிக்கடைக்காரனைக் கல்யாணம் செய்துகொண்டாள். கல்யாணத்துக்கு ஒட்டாஹல் தன் தோட்டத்துப் பிளம் சாராயத்தைக் கொண்டுபோனார். சொந்தத் தோட்டத்துச் சரக்கிலும் தண்ணீர் கலந்திருந்தார். மாப்பிள்ளையின் அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, "சம்பந்தி, இது பிளம் கழுவின தண்ணியா?" என்று கேட்டார். மேஜை முழுக்கச் சிரித்தது. ராடனாவும் சிரித்துவிட்டாள். ஒட்டாஹல் சூப் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு எழுந்தார். மணப்பெண் உடையோடு மகள் வாசல் வரை ஓடிவந்து கூப்பிட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கப்புறம் ஏழு வருடம் பேச்சே இல்லை. பேத்திக்கு ஐந்து வயது, இவர் முகம் பார்த்ததில்லை.

எங்கள் கிளப் குடிசையின் அடுப்புக் குழாயைத் துடைக்க வந்தபோதுதான் சுவரில் அந்தப் படத்தைப் பார்த்தார். அக்டோபரில் நாங்கள் நாலு பேர் ஸ்கலிட்சா கிளப்போடு நட்புப் போட்டிக்குப் போவோம். அங்கே எடுத்த படம். ஓரத்தில் மதிப்பெண் எழுதுகிற மேஜையில் பென்சிலும் கையுமாக ராடனா உட்கார்ந்திருக்கிறாள். அவள் கணவன் அந்தக் கிளப்பில் சுடுகிறவன், இவள் வருடா வருடம் கணக்கு எழுதுவாள். ஒட்டாஹல் கரித் துணியைக் கையில் பிடித்தபடி ரொம்ப நேரம் அந்தப் படத்தின் முன்னால் நின்றார்.

"இந்தப் போட்டிக்கு யார் யார் போறது?" என்று கேட்டார்.

"செப்டம்பர்ல தேர்வு வைப்போம். முதல் நாலு பேர் போவாங்க," என்றேன்.

அடுத்த மாதம் துப்பாக்கியோடு வந்து நின்றார். காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. எனக்குத்தான் வாய் சும்மா இருக்காது.

"கார்ல இருபத்தஞ்சு நிமிஷம். பேசாம ஒரு நாள் போயிட்டு வாயேன்," என்றேன்.

"எதுக்கு?"

"பொண்ணைப் பார்க்கத்தான், வேற எதுக்கு?"

"நான் ஏன் பார்க்கணும்? தேர்வானா போட்டிக்குப் போவேன். அங்க அவ உட்கார்ந்திருந்தா உட்கார்ந்திருக்கட்டும்."

"சும்மா வேடிக்கை பார்க்கவும் போகலாமே, யாரும் தடுக்கமாட்டாங்க."

"சும்மா போய் நின்னா, அவளைத் தேடி வந்த மாதிரி ஆயிடும்."

இப்படிப்பட்ட ஆளிடம் என்ன பேசுவது? ஒரு போன் போட்டால் முடிகிற வேலைக்கு ஒரு துப்பாக்கி, ஆயிரக்கணக்கான தோட்டா, வாரம் தவறாத சனிக்கிழமை. வீம்புக்கும் ஒரு அளவு உண்டு. எனக்கு அவர் மேல் இரக்கம் வரவேண்டிய இடம் இது என்று தெரிகிறது. வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

ஒன்று மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும். மட்டமான தோட்டா என்பதால் கணக்குப் பார்க்காமல் சுட்டார். நாங்கள் ஐம்பது சுடுகிற நேரத்தில் அவர் முந்நூறு சுட்டார். ஒரு வருடத்துக்குள் அவருக்குக் கை படிந்துவிட்டது. எங்கள் கிளப்பில் மூன்றாவது இடத்துக்கு வரக்கூடியவர் என்று குட்யெல்கா சொன்னபோது நான் மறுக்கவில்லை. நான் எப்போதும் நாலாவதோ ஐந்தாவதோ.

தேர்வுப் போட்டிக்கு எங்களிடம் ஒரு விதி உண்டு. குட்யெல்கா கயிற்றில் கட்டிய காந்தத்தோடு மேஜையில் உட்கார்ந்திருப்பார். ஒவ்வொருவர் தோட்டாப் பெட்டியின் மேலும் அதை இறக்குவார். காந்தத்தில் எதுவும் ஒட்டக்கூடாது. களிமண் கரையில் அட்டையைச் சுடும்போது யார் எதைச் சுட்டாலும் கவலை இல்லை. போட்டியில் கடைசிச் சுற்று இரும்புத் தட்டுகள். மட்டமான தோட்டாவில் குண்டின் தோலும் இரும்பு, அது தட்டைக் கொத்தி எடுத்துவிடும், சில்லு தெறித்துத் திரும்பி வரும். ஆகவே அன்றைக்கு ஒரு நாள் ஒட்டாஹலும் பித்தளை வாங்கித்தான் ஆகவேண்டும். வருடத்தில் அந்த ஒரே ஒரு பெட்டியை அவர் கண்ணாடிச் சாமான் மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக் கொண்டுவருவார்.

முதல் வருடத் தேர்வு. நாலு சுற்று முடிந்தபோது அவர் மூன்றாவதாக நின்றார். ஐந்தாவது சுற்றில் ஆறு தட்டு, எட்டு வினாடி. இரண்டு தட்டு விழுந்தது. மூன்றாவது குண்டுக்கு விசையை அழுத்தினார், ஒன்றும் நடக்கவில்லை. சுட்ட ஓடு வெளியே வராமல் குழலின் அடியில் இறுகிக்கொண்டது. உள்ளங்கையால் அடித்தார், இழுத்தார், ஏதோ முனகினார். நேரம் போய்விட்டது. நாலு தட்டுக்கான மதிப்பெண் போனது, ஆறாவது இடத்துக்கு இறங்கினார்.

மேற்பார்வைக்காரி என்பதால் துப்பாக்கியை வாங்கிக் கம்பியை விட்டுத் தட்டி நான்தான் அந்த ஓட்டை வெளியே எடுத்தேன். கையில் வைத்துப் பார்த்தேன். பித்தளை ஓட்டின் மேல் சுற்றிலும் கரி அப்பியிருந்தது. பதினோரு வருடமாகத் துப்பாக்கி துடைக்கிறவளுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. இரும்பு ஓடு சுடும்போது சரியாக விரிந்து குழலை அடைக்காது, அதனால் புகையும் கரியும் பின்பக்கம் வந்து தோட்டா உட்காருகிற இடத்தில் படியும். இரும்பையே சுட்டுக்கொண்டிருக்கும்வரை தெரியாது. அந்தக் கரியின் மேல் பித்தளையைப் போட்டால், அது நன்றாக விரிகிற சாமான், விரிந்து கரியில் போய் ஒட்டிக்கொள்ளும். அதுவும் அந்தப் புத்திசாலி, கை சூடேற்றுவதற்கு என்று போட்டிக்கு அரை மணி முன்னால் பின்கரையில் நூறு இரும்புத் தோட்டாவைச் சுட்டுவிட்டு வந்திருந்தார். பிரஷை மூன்று தடவை விட்டு எடுத்திருந்தால் போதும்.

"என்னய்யா ஆச்சு?" என்று குட்யெல்கா கேட்டார்.

"பித்தளை வீங்கிடுச்சு," என்றார் ஒட்டாஹல். "வருஷம் பூரா இரும்பு சுடறேன், ஒண்ணாவது சிக்கிச்சா? வெடிக்காம ஏமாத்தும், ஆனா சிக்காது. இன்னைக்கு உங்க சட்டத்துக்குப் பயந்து பித்தளை போட்டேன், சிக்கிடுச்சு. இளகின உலோகம்யா அது. சூடு பட்டா வீங்கும். இரும்பு வீங்குமா?"

நான் அந்தப் பித்தளை ஓட்டைத் தூக்கி வாளிக்குள் போட்டேன். என்ன சொல்வது? பாடம் எடுத்தால் கேட்கிற ஆளா? குட்யெல்காவுக்கே என்ன பதில் வந்தது என்று பார்த்தாயிற்று. அவர் இறங்கியதால் ஐந்தாவதாக இருந்த நான் நாலாவதாகி ஸ்கலிட்சாவுக்குப் போனேன். நான் ஒழுங்காகச் சுட்டேன், ஒழுங்காகத் துடைத்தேன், போனேன். அதில் யார் என்ன குற்றம் சொல்ல முடியும்?

இரண்டாவது வருடமும் அச்சு அசலாக அதேதான். இந்தத் தடவை நாலாவது தட்டில் சிக்கியது. இடைப்பட்ட ஒரு வருடத்தில் அவருடைய பித்தளைக் கொள்கை ஊரில் பரவியிருந்தது. தபால்கார வோய்டெக்கும் அவன் மைத்துனனும் இரும்புத் தோட்டாவுக்கு மாறிவிட்டார்கள். செப்டம்பர் மாதத்தில் எங்கள் பக்கம் பாதி புளித்த திராட்சை ரசம் குடிப்பது வழக்கம். தேர்வு முடிந்த மாலை அதை ஆளுக்கு ஒரு குவளை வைத்துக்கொண்டு, நான் சுட்டு எடுத்த சாசேஜைக் கடித்தபடி, ஒட்டாஹல் மேஜையில் விரிவுரை நடத்தினார். நடுவில் என் பக்கம் திரும்பினார்.

"நீயே சொல்லு பிலாஷெனா. ரெண்டு வருஷமும் சிக்கின தோட்டா ஓட்டை நீதானே எடுத்தே. வீங்கியிருந்துச்சா இல்லையா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஆமாமா, நல்லா வீங்கியிருந்துச்சு," என்றேன்.

வேடிக்கைக்காகத்தான் சொன்னேன். மூக்கு முட்டப் பெருமை பேசுகிற மனுஷனை இன்னும் கொஞ்சம் குழிக்குள் தள்ளிப் பார்க்கிற வேடிக்கை. அவர் மேஜையைத் தட்டி, "கேட்டுக்கிட்டியா?" என்று வோய்டெக்கிடம் சொன்னார். அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழி முழுக்க எனக்குச் சிரிப்பாக இருந்தது. அந்த அக்டோபரிலும் நான்தான் ஸ்கலிட்சா போனேன். ராடனா மேஜையில் இருந்தாள். எங்கள் பெயர்ப் பட்டியலை வாங்கி மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்துவிட்டு கிளிப்பில் செருகினாள்.

மூன்றாவது வருடம் அவர் பித்தளைத் தோட்டாவிலேயே உசத்தியானதை வரவழைத்திருந்தார். ஊரே வாயைப் பிளந்தது. பயிற்சியும் இரண்டு மடங்கு, அதாவது இரும்பும் இரண்டு மடங்கு, கரியும் இரண்டு மடங்கு. தேர்வு அன்று காலையில் சீக்கிரமே வந்து பின்கரையில் வழக்கம்போலக் கை சூடேற்றிக்கொண்டிருந்தார். நான் இலக்கு அட்டைகளை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கமாகப் போனேன். தலைமுடியை வெட்டிக்கொண்டு வந்திருந்தார். காரின் முன் இருக்கையில் ஒரு பாட்டில், மூடிக்கு மெழுகு வைத்து, துண்டால் சுற்றி, சீட் பெல்ட்டும் போட்டு வைத்திருந்தது.

என் ஏப்ரன் பையில் பிரஷ் இருந்தது. அதை எடுக்கத்தான் கையை விட்டேன். உண்மையாகச் சொல்கிறேன், அந்த நிமிடம் சொல்லிவிடத்தான் நினைத்தேன்.

அப்போது அவர் காதுமூடியைக் கழற்றிக்கொண்டு திரும்பினார். "என்ன, வேவு பார்க்க வந்தியா? இந்த வருஷம் உன் நாலாவது இடம் கிடையாதும்மா. அக்டோபர்ல நீ கடையிலேயே உட்கார்ந்து அந்தக் கொழுப்பு சாசேஜை வித்துக்கிட்டு இரு. பாதி ரொட்டித்தூள், அதுக்குப் பேரு சாசேஜ்."

என் சாசேஜில் ரொட்டித்தூளா? என் அப்பா காலத்திலிருந்து அந்தக் கடையில் ஒரு சிட்டிகை ரொட்டித்தூள் விழுந்ததில்லை. கல்யாணச் சாராயத்தில் தண்ணீர் கலந்த மனுஷன் என்னைப் பார்த்துச் சொல்கிறார். பிரஷைப் பைக்குள்ளேயே விட்டுவிட்டு வந்தேன்.

கடைசிச் சுற்றில் ஐந்து தட்டு விழுந்தது. ஐந்தையும் மூன்றரை வினாடியில் அடித்தார், நானே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். ஆறாவதுக்குச் சிக்கியது. அந்த ஒரு தட்டால் அவர் ஐந்தாவது, நான் நாலாவது. இந்தத் தடவை அவர் அடிக்கவுமில்லை, இழுக்கவுமில்லை. துப்பாக்கியைக் கரைப் பக்கம் பார்க்க அப்படியே நீட்டிப் பிடித்துக்கொண்டு, நேரம் முடிந்த மணி அடித்த பிறகும் நின்றார்.  நான் போய் வாங்கிக்கொண்டேன். பித்தளையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

கிளம்பும் முன்னால் அந்தப் பாட்டிலைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார்.

"நீதானே போற. அங்க மாப்பிள்ளையோட அப்பா வருவார். அவர்கிட்ட குடுத்துடு."

"யார் குடுத்தான்னு சொல்றது?"

"தெரியும் அவருக்கு. தண்ணி இல்ல இதுல."

அக்டோபர் இரண்டாவது சனிக்கிழமை ஸ்கலிட்சா போனோம். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு இடுப்புவலி, வரவில்லை என்றார்கள். சரி என்று பாட்டிலை ராடனாவின் மேஜையில் வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவள் பட்டியலை மேலிருந்து கீழ்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பாட்டிலைப் பார்த்தாள். மெழுகை நகத்தால் உடைத்து, மூடியைத் திறந்து மோந்து பார்த்து, விரலில் ஒரு சொட்டு வைத்து நாக்கில் தொட்டாள். மூடியைத் திருப்பி மூட அவளுக்கு ரொம்ப நேரம் ஆனது.

"இந்த வருஷமும் அப்பா பேர் இல்லையா?" என்றாள். "அவர் கிளப்புல சேர்ந்தார்னு கேள்விப்பட்டதுலேருந்து பார்க்கறேன். மூணு வருஷமா இந்த மேஜைக்கு வேற ஆளைப் போடவிடாம நானே உட்கார்ந்திருக்கேன். அவ்வளவு மோசமாவா சுடறார்?"

"சுடறதுக்கு என்ன, நல்லாத்தான் சுடறார். என்னைவிட நல்லா," என்றேன். "புத்திதான் இல்ல." சொல்வதற்கு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் முழுக்கதையையும் எடுத்துவிட்டேன். இரும்புத் தோட்டா, புகையில்லா மருந்து, கை சூடேற்றுவது, கரி, பித்தளை வீங்குகிற கொள்கை, எல்லாம். நன்றாகவே சொன்னேன், கடையில் பல தடவை சொல்லிப் பழகியிருந்தது. இந்த இடத்தில் எப்போதும் எல்லோரும் சிரிப்பார்கள்.

ராடனா சிரிக்கவில்லை. "அப்போ, துடைச்சிருந்தா வந்திருப்பார்."

"மூணு தடவை பிரஷ் விட்டா போதும்."

"இது அவருக்குத் தெரியாது."

"தெரிஞ்சா துடைச்சிருப்பாரே. ஊர்க் கரி எல்லாம் துடைக்கிற மனுஷன்..."

"உங்களுக்கு எப்பலேருந்து தெரியும்?"

ஏதோ மதிப்பெண்ணைச் சரிபார்க்கிற மாதிரிதான் கேட்டாள். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன், அப்புறம்தான் அந்தக் கேள்வி எங்கே போகிறது என்று புரிந்தது.

"முதல் வருஷத்துலேருந்து," என்றேன்.

"அவர்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னா கேட்கிற ஆளா அவர்? உனக்கே தெரியும்."

"கேட்கமாட்டார். திட்டியிருப்பார். அப்புறம் வீட்டுக்குப் போய் யாருக்கும் தெரியாம துடைச்சிருப்பார்," என்றாள். "சொன்னீங்களா?"

"இல்ல."

அவள் பென்சிலைப் பட்டியலின் மேல் வைத்தாள். பக்கத்தில் நின்ற கணவனைக் கூப்பிட்டு, "ஒந்த்ரெய், இதை நீ எழுது," என்றாள். கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"இந்நேரம் வீட்ல இருப்பாரா?"

"இருப்பார், வேற எங்க போகப்போறார். இருக்கிற ரெண்டு வீட்ல எதுல குளிருக்கு விறகு மிச்சமோ அதுல இருப்பார்," என்றேன். பழக்கதோஷம், வாயில் வந்துவிட்டது.

அவள் கார் சாவியைத் தேடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எங்கப்பா தோட்டாவுல கஞ்சம். சாராயத்துல கஞ்சம். எல்லாம் எனக்குத் தெரியும்," என்றாள். "ஆனா கரியைத் துடைன்னு சொல்ற ஒரு வார்த்தையைக்கூட மூணு வருஷம் பிடிச்சு வெச்சுக்கிற அளவுக்கு அவர் கஞ்சம் இல்ல."

வேலியைத் தாண்டி அவள் காரை நோக்கிப் போனாள். ஒந்த்ரெய் பட்டியலைப் பார்த்து என் பெயரைக் கூப்பிட்டான். துப்பாக்கி பளிச்சென்று துடைத்துத் தயாராக என் முன்னால் இருந்தது. அவன் மூன்றாவது தடவை கூப்பிட்ட பிறகும் என்னால் அதை எடுக்க முடியவில்லை.